தஞ்சக் கூடங்களை நடத்தும் அதிகாரிகளுக்குத் திறந்த மடல்

பேரிடர் மேலாண்மைப் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கு வணக்கம்.

வீடிழந்து வந்தவர்களுக்குக் கூரையும் உணவும் கிடைக்க நீங்கள் படும் பாட்டைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கானோர் வாரக்கணக்கில் தங்கும்போது அவர்கள் மனம் நொந்துபோவதை, ஆலோசகர்கள் வந்து கவனிக்க வேண்டிய தனி வேலையாக ஒதுக்கிவிடுகிறீர்கள். அந்த நோவில் பெரும்பங்கு கூடத்தின் ஏற்பாடுகளிலிருந்தே பிறக்கிறது.

இரவெல்லாம் எரியும் விளக்கும் ஓயாத இரைச்சலும் உறக்கத்தைக் கெடுக்கின்றன. உறக்கம் கெட்டவருக்கு, ஏற்கெனவே உள்ள அச்சமும் எரிச்சலும் இரட்டிப்பாகின்றன. கழிப்பறை தொலைவிலும் இருளிலும் இருந்தால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அக்கம்பக்கத்தார் முகம் சுளிப்பார்களே என்று தாய்மார்கள் விளையாடும் குழந்தையை நாள் முழுதும் அதட்டுகிறார்கள். மறதி நோயுள்ள முதியவர்கள் இடம் புரியாமல் கலங்குகிறார்கள். அழக்கூட மறைவில்லாத இடத்தில் துக்கம் எங்கே ஆறும்?

ஒருவருக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் இடம், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்று, பேரிடர் நிவாரணத்துக்கான குறைந்தபட்சத் தரங்களைக் கூறும் பன்னாட்டு ஸ்ஃபியர் கையேடு வகுத்துள்ள அளவுகள், சுகாதாரத்துக்கு மட்டுமல்ல, மானத்தோடு வாழவும் உரியவை. 2016இல் ஜப்பானின் குமாமோட்டோவில் நிலநடுக்கத்தில் நேரடியாக இறந்தவர்கள் 50 பேர். அதிர்ச்சியாலும் இடம்பெயர்ந்த வாழ்வின் சுமையாலும் பின்னர் இறந்தவர்களாக அரசு ஏற்றுக்கொண்டவர்களோ 200 பேருக்கும் மேல். பின்னதிர்வுக்கும் நெரிசலுக்கும் அஞ்சிப் பலர் அங்கே கார்களிலேயே உறங்கினார்கள்.

எனவே, குடும்பத்துக்கொரு மறைப்புத் தட்டியும், குறித்த நேரத்தில் விளக்கணைப்பும், உள்ளிருந்து தாழிடக்கூடிய கழிப்பறையும், குழந்தைகள் சத்தமிட்டு விளையாடத் தனி மூலையும் முதல் வாரத்திலேயே அமைய வேண்டும். எப்போது திரும்பலாம் என்ற கேள்விக்கு விடை இல்லாவிட்டாலும், இல்லை என்பதையே நாள்தோறும் ஒரே நேரத்தில் அறிவியுங்கள். வதந்திக்கு அதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரிந்து இல்லை. உணவுப் பங்கீடு, துப்புரவு முறை ஆகியவற்றை அங்கே தங்கியிருப்பவர்களே கூடி முடிவு செய்யட்டும். கைநீட்டிப் பெற்றுக்கொண்டு மட்டுமே இருப்பதும் ஒருவரைக் குலைக்கும்.

இன்னொன்று: நடந்ததைச் சொல்லச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். பேரிடர் முடிந்த கையோடு அனைவரையும் அமர்த்தி அனுபவத்தை விவரிக்கச் செய்யும் ஒருமுறை அமர்வுகளை உலகச் சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. பேச விரும்புகிறவருக்குக் காது கொடுக்கவும், உறக்கமும் உணவும் அறவே கெட்டவரை மருத்துவரிடம் சேர்க்கவும் பயிற்சி பெற்ற ஒருவராவது ஒவ்வொரு கூடத்திலும் இரவிலும் இருக்க வேண்டும்.

இவற்றை அடுத்த பேரிடருக்கு முன்பே உங்கள் ஆயத்தத் திட்டத்தில் எழுத்து வடிவில் சேர்த்து, நிதி ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நிவாரணத் தன்னார்வலர்