சிவாஜிநகரில் பார்த்த அண்ணாவுக்கு

போன சனிக்கிழமை பெங்களூரு சிவாஜிநகரில், பழைய வண்டிச் சாமான் விற்கும் சந்தில், தேய்ந்த ஸ்பிராக்கெட்டோடு (செயின் ஓடும் பல்சக்கரம்) நின்ற என்னை "தம்பி, தமிழா?" என்று கேட்டீர்களே, அந்த அண்ணாவுக்குத்தான் இந்த நன்றி.

என் வண்டி, காயலான் விலைக்கு வாங்கிய பழைய கோ-கார்ட், அதாவது கூரையில்லாத குட்டி ரேஸ் கார். மண் ரோட்டில் ஓடவேண்டும் என்று 100 சிசி பைக் இன்ஜினை மாட்டி, நானும் மகனும் எட்டு மாதமாகப் பாடுபடுகிறோம். மேடு ஏறினாலே செயின் கழன்றுவிடும். ரெண்டு செயின் மாற்றியும் தீரவில்லை.

கதையைக் கேட்டதும் ஆட்டோ ஏறி, அல்சூரில் வண்டி நின்ற இடம் வரைக்கும் வந்தீர்கள். பின் ஸ்பிராக்கெட்டில் நூலை ஒட்டி, முன்னால் வரை விறைப்பாக இழுத்துப் பிடித்தீர்கள். நூலுக்கும் முன் பல்லுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி! "செயின் மேல தப்பில்ல தம்பி, இன்ஜின் கோணலா உக்காந்திருக்கு."

இன்ஜினைத் தாங்கும் மவுண்டை அறுத்து, பெயின்ட்டைப் பளபளவென்று தேய்த்தெடுத்த பிறகே வெல்டிங் வைக்கவிட்டீர்கள். முன்னால் 14 பல் அப்படியே இருக்க, பின்னால் 42 பல்லுக்குப் பதில் 49 போடச் சொன்னீர்கள். உச்ச வேகம் கொஞ்சம் குறைந்தது. இழுவையோ நன்றாகக் கூடிவிட்டது.

காசு நீட்டினேன், கையைத் தட்டிவிட்டீர்கள். என் மனைவி கொடுத்த எலுமிச்சை சாதத்தை மட்டும் சாப்பிட்டீர்கள். பேரைக் கேட்க விட்டுப்போச்சு அண்ணா, அது மனசை உறுத்துகிறது.

நேற்று அதே மேட்டில் ஆறு தடவை ஏறினோம். செயின் அசையவே இல்லை. முதல் தடவை ஓட்டியது என் மகன்.