முயலுக்குத் தமிழ் தந்தவர்களுக்கு

மண்டூர் உறவுகளுக்கும், மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையில் இருக்கும் குருமண்வெளி, களுவாஞ்சிகுடி நண்பர்களுக்கும், அம்பாறையில் இருக்கும் என் சிநேகிதிக்கும் அன்பான வணக்கம்.

ஆகஸ்ட் விடுமுறையில் எங்கள் வாசிகசாலை முற்றத்தில் மூன்று இரவுகள் கார்ட்டூன் போட்டோம். உதவிய எல்லோருக்கும் நேரில் நன்றி சொல்லிவிட்டேன்தான். ஆனாலும் எழுதி வைக்கவேண்டும் போலிருக்கிறது. இந்த நன்றி ஆகஸ்டில் தொடங்கியது இல்லை. முப்பது வருடங்களுக்கு முந்திய ஒரு பெற்றரியில் தொடங்கியது.

தொண்ணூறுகளின் முற்பகுதி. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் எங்கள் பக்கம் கரண்ட் கிடையாது. ஒழுங்கைக்கே ஒரு டிவி, மாமி வீட்டில். கறுப்பு வெள்ளை. கார் பெற்றரியில் ஓடும். பெற்றரி இறங்கிவிட்டால் மாமா அதைச் சைக்கிள் கரியரில் கட்டித் துறைக்குக் கொண்டுபோவார். ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏற்றி, வாவியைக் கடந்து, குருமண்வெளியில் இறங்கி, களுவாஞ்சிகுடிவரை உழக்குவார். சார்ஜ் ஏற அங்கேயே விட்டுவிட்டு, அடுத்த நாள் மறுபடி போய் எடுத்து வருவார். சோதனைச் சாவடியில் பெற்றரி எதற்கு என்று கேட்பார்கள். “பிள்ளையள் கார்ட்டூன் பார்க்க” என்பதுதான் மாமாவின் பதில் என்று மாமி பிறகு சொன்னார். மாமா இப்போது இல்லை. அவருக்குத்தான் முதல் நன்றி.

பெற்றரி வந்தால் போதுமா, படம் தெளிய வேண்டுமே. அரச தொலைக்காட்சியான ரூபவாஹினியின் பெரிய கோபுரம் பிதுருதலாகலை மலையில் நிற்கிறது. ஆகவே எங்கள் அன்டனா மேற்கே பார்க்கவேண்டும். காற்றடித்தால் கம்பு திரும்பிவிடும், திரை முழுக்கப் புள்ளி. மாமியின் மூத்த மகன் வெளியே நின்று கம்பைத் திருப்ப, நாங்கள் உள்ளேயிருந்து “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், சரி சரி, விடுங்க அண்ணன்!” என்று கத்துவோம். விட்டால் மறுபடி புள்ளி. அதனால் பல நாட்கள் கார்ட்டூன் முடியும்வரை அவர் கம்பைப் பிடித்தபடியே நின்றிருக்கிறார். உள்ளே நாங்கள் சிரிப்பது அவருக்குக் கேட்கும். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாது.

நாங்கள் பார்த்த முயல் சிங்களம் பேசியது. பக்ஸ் பனியைச் சிங்களத்துக்கு ‘ஹா ஹா ஹரி ஹாவா’ என்று கொண்டுவந்தவர் டைட்டஸ் தொட்டவத்த. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் சிங்களப் படமான ‘ரேகாவ’வுக்கு (1956) படத்தொகுப்புச் செய்தவர். 1982ல் தொடங்கிய ரூபவாஹினியில் வெளிநாட்டுக் கார்ட்டூன்களுக்கு உள்ளூர் நாக்கைக் கொடுத்தார். 2011ல் காலமானார். அவர் பெயரே தெரியாமல் அவரால் வளர்ந்த ஒரு தமிழ்ப் பிள்ளையின் நன்றி இது.

அந்த முயல் சொன்னதில் ஒரு சொல்லும் எங்களுக்கு விளங்கவில்லை. பெத்தா, அதாவது எங்கள் பாட்டி, பாக்கு இடித்துக்கொண்டே, “என்ன மனே சொல்றான் முயலன்?” என்று கேட்பார். நான் வாய்க்கு வந்த கதையைச் சொல்வேன். பெத்தா முழுவதையும் நம்பிச் சிரிப்பார்.

டொம்முக்கும் ஜெரிக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஹன்னாவும் பார்பெராவும் 1940ல் தொடங்கிய அந்தப் பூனையும் எலியும் பெரும்பாலும் பேசுவதே இல்லை. ஸ்கொட் பிராட்லியின் இசைதான் பேசும். அவற்றின் படங்கள் ஏழு ஒஸ்கார் வாங்கியிருக்கின்றன. கோட்டுப் போட்ட டொம் மேடையில் பியானோ வாசிக்க, உள்ளே சுத்தியல்களின்மேல் தூங்கிய ஜெரி தூக்கிவாரிப் போட்டு எழும்புமே, அதை இன்றைக்கும் மாதம் ஒரு தடவையாவது பார்க்கிறேன். எனக்கு 42 வயது. இன்னுமா இதைப் பார்க்கிறாய் என்று கேட்பவர்கள் உண்டு. டொம்மின் தலையில் எது விழுந்தாலும் அடுத்த நிமிடம் அது எழும்பி வந்துவிடும். எங்கள் ஒழுங்கையில் அப்படி எழும்பி வராதவர்கள் இருந்தார்கள். அந்த வயதில் எனக்கு அந்தப் பூனை எவ்வளவு தேவைப்பட்டது என்பது இப்போதுதான் எனக்கே தெரிகிறது.

சரி, ஆகஸ்டுக்கு வருகிறேன்.

அம்பாறைச் சிநேகிதி என்னோடு வேலை செய்பவள். அதே முயலைப் பார்த்து, அதன் சிங்களம் விளங்கிச் சிரித்து வளர்ந்தவள். மூன்று ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து, படத்தை நிறுத்தி நிறுத்தி, முயல் என்ன சொல்கிறது என்று வரிவரியாகச் சொன்னாள். அவளுக்கே பிடிபடாத பழைய சொல் வந்தால் தன் அம்மாவுக்குக் கோல் எடுத்தாள். நான் ஒரு கொப்பி நிறையத் தமிழில் எழுதினேன். பெத்தாவுக்கு நான் சொன்ன கதைகளில் ஒன்றுகூடச் சரியில்லை. அசல் இன்னும் நன்றாக இருந்தது.

கொப்பியை எங்கள் ஊர் அண்ணாவியாரிடம் கொண்டுபோனேன். கூத்துப் பழக்கியே வயதானவர். இரண்டு தரம் படித்தார். “முயலுக்குக் கட்டியகாரன் குரல் வைப்பம். வேட்டைக்காரனுக்கு வடமோடி அரசன் வரவுதான் சரி” என்றார். கட்டியகாரன் கூத்தில் கட்டியம் சொல்லிப் பகிடியும் விடுபவன். வடமோடி எங்கள் கூத்தில் ஒரு வகை. வரவு என்றால் பாத்திரம் முதலில் களரிக்கு வரும் ஆட்டம். மத்தளத்தையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். திரையில் வேட்டைக்காரன் துவக்கோடு பதுங்கிப் பதுங்கி வர, பக்கத்தில் மத்தளம் அரசன் வரவை முழங்க, முற்றத்தில் இருந்த கிழவர்கள் தாளத்துக்குத் தொடையில் தட்டினார்கள். அண்ணாவியார் ஐயா, முயல் எங்கள் ஊர்ப்பேச்சில் அவனைக் கேலி செய்தபோது எழுந்த சிரிப்பு பாதையில் வந்துகொண்டிருந்தவர்களுக்கும் கேட்டதாம்.

புரொஜெக்டர் தந்து, காசு வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்ட களுவாஞ்சிகுடி ஸ்டூடியோ அண்ணனுக்கு நன்றி. நான்கு வெள்ளை வேட்டியை ஒரே இரவில் மூட்டித் திரையாக்கிய தையல் அக்காவுக்கும், மூன்று நாளும் பிள்ளைகளுக்குச் சும்மா கச்சான் கடலை கொடுத்த ஆச்சிக்கும் நன்றி. பாய் விரித்தவர்கள், பாய் சுருட்டியவர்கள், வயர் இழுத்த தம்பிமார் எல்லோருக்கும்.

மூன்றாம் இரவு கச்சான் காற்றுக் கிளம்பியது. ஒரு பக்கக் கயிறு அறுந்து வேட்டித் திரை படபடவென்று அடித்தது. அன்டனா பிடித்த அதே அண்ணன் அன்றைக்கு முன்வரிசைக் கதிரையில் இருந்தார். பதினெட்டு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு இந்த வருடம்தான் ஊரோடு வந்தவர். யாரும் சொல்லாமலே எழும்பிப் போய்த் திரையின் நுனியைப் பிடித்துக்கொண்டார். படம் தெளிந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது.

சாதாரண தரம் படிக்கும் பெடியன்கள் இரண்டு பேர் ஓடிப்போய், “நீங்க இரிங்க மாமா, நாங்க பிடிக்கிறம்” என்று திரையை அவர் கையிலிருந்து வாங்கினார்கள். அண்ணன் திரும்பி வந்து உட்கார்ந்தார். கடைசிவரை கைகட்டிக்கொண்டு பார்த்தார். பியானோவுக்குள் ஜெரி எழும்பியபோது, “ஓ, இதுக்குத்தானா!” என்றார் சத்தமாக.

தம்பிமாரே, உங்கள் இரண்டு பேருக்கும் நன்றி.

அன்புடன்,
மண்டூரிலிருந்து, அன்டனாவுக்கு உள்ளேயிருந்து கத்தியவர்களில் ஒருத்தி