மறுபடி சுண்டிப் பார்த்தார்களா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மார்பகப் புற்றுநோயின் போக்கை மரபணுக்களே சொல்லிவிடும் என்று போன வாரம் வந்த செய்தியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு என் நாத்தனார் வந்தாள். அடுத்த வாரம் அவளுக்கு கீமோ. "இந்த டெஸ்ட் எடுத்தா கீமோ வேண்டாம்னு தெரிஞ்சிடுமா அண்ணி?" செய்தியை மூன்று தடவை படித்தேன், எத்தனை நோயாளிகளிடம் சோதித்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

நான் கல்லூரியில் புள்ளியியல் பாடம் எடுத்தவள். முதல் வகுப்பில் அறுபது பிள்ளைகளையும் ஆளுக்கு ஐந்து முறை காசு சுண்டச் சொல்வேன். 32 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் எப்படியும் ஒன்றிரண்டு பேருக்கு ஐந்தும் தலையாகவே விழும், வகுப்பே கைதட்டும். சரி, மறுபடி சுண்டு என்றால் சாயம் வெளுத்துவிடும்.

எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கும் மரபணு வெளிப்பாட்டு ஆய்வில் ஒவ்வொரு மரபணுவும் ஒரு காசு; சுண்டப்படுவது சுமார் 20,000 காசுகள், நோயாளிகளோ பல நேரம் நூறு பேர்கூடத் தேறுவதில்லை. தற்செயலாக வர நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான வாய்ப்பே இருந்தால் 'பாஸ்' என்ற வழக்கமான அளவுகோலை அப்படியே வைத்தால், ஒரு மரபணுவுக்கும் நோயோடு சம்பந்தமே இல்லாவிட்டாலும் ஆயிரம் மரபணுக்கள் 'பாஸ்' ஆகிவிடும். இதற்கு 1995-லேயே பெஞ்சமினி, ஹாக்பெர்க் என்ற புள்ளியியலாளர்கள், பாஸ் ஆனவற்றில் போலிகளின் பங்கைக் கட்டுப்படுத்த ஒரு வழி சொல்லிவிட்டார்கள். ஆனால் நோயாளிகளின் திசுக்களைத் திங்களன்றும் மற்றவர்களுடையதை வியாழனன்றும் மெஷினில் ஓட்டினால் அந்த வழியும் உதவாது. அதே அரிசி, அதே உளுந்துதான், ஆனால் சென்னைப் புழுக்கத்தில் இரண்டு நாள் மாவு ஒரே மாதிரியா பொங்குகிறது? வித்தியாசம் நோயால் வந்ததா, நாளால் வந்ததா என்று அப்புறம் யாராலும் பிரிக்க முடியாது.

உருப்படியான ஆய்வுகளும் உண்டு. நெதர்லாந்தில் 78 மார்பகப் புற்றுநோயாளிகளை வைத்து, நோய் பரவுமா என்று கணிக்க 70 மரபணுப் பட்டியல் ஒன்றை 2002-ல் வெளியிட்டார்கள். அதையே 6,693 பெண்களைச் சேர்த்துப் பரிசோதித்து, யாருக்கு கீமோவைத் தவிர்க்கலாம் என்று முடிவு சொன்னது 2016-ல்தான். பதினாலு வருஷம்!

இனி இப்படிச் செய்தி போடும்போது எத்தனை பேர், வேறு நோயாளிகளிடம் மறுபடி சோதித்தார்களா என்ற இரண்டையும் கேட்டுப் போடுங்கள், அரைப் பத்திகூட ஆகாது. நாத்தனாரிடம் உன் டாக்டரையே கேள் என்று சொல்லி அனுப்பினேன். போகும்போது கத்தரித்த செய்தியை மடித்து மறுபடி பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியை,
மேற்கு மாம்பலம், சென்னை