கேரவனில் ஃபர்னஸ் நின்றுபோன இரவில் செய்யக்கூடாதது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவனில் குடும்பத்தோடு பயணம் செய்வது பற்றித் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். வண்டியைத் தேர்ந்தெடுப்பது, இழுத்துச் செல்வது, சமதளம் பார்த்து நிறுத்துவது எனப் பலவற்றை விளக்கிய அக்கட்டுரை, குளிர்காலத்தில் அதற்குள் உறங்குகிறவர்களின் உயிரோடு தொடர்புடைய ஒன்றைத் தொடவே இல்லை. ஃபர்னஸ் எனப்படும் எரிவாயு வெப்பக் கருவி நடு இரவில் மக்கர் செய்தால் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதுதான் அது. சென்ற குளிர்காலத்தில் ஏறக்குறையத் தவறான முடிவெடுக்கவிருந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

அன்று இரவு இரண்டு மணி இருக்கும். மூக்கு நுனி சில்லிட்டு விழித்துக்கொண்டேன். ஃபர்னஸின் விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் தரையோரத் துவாரத்தில் கையை வைத்துப் பார்த்தபோது குளிர்ந்த காற்றுதான் வந்தது. வழக்கமாக விசிறி சுழலத் தொடங்கிய அரை நிமிடத்துக்குள் டிக் டிக் என்று பொறி விழும் ஓசையும், அதையடுத்துப் புஸ்ஸென்று தீப்பற்றும் ஓசையும் கேட்கும். அன்று இரண்டுமே கேட்கவில்லை. எங்கள் மூச்சின் ஈரம் ஜன்னல் கண்ணாடியின் உட்புறத்தில் பனியாக உறைந்திருந்தது. பிள்ளைகள் இருவரும் ஒரே போர்வைக்குள் சுருண்டு கிடந்தார்கள். அடுப்பின் இரண்டு பர்னர்களையும் பற்றவைத்தால் பத்து நிமிடத்தில் உள்ளே சூடாகிவிடுமே என்றார் என் மனைவி. எனக்கும் அதே எண்ணம்தான். லைட்டரைக் கையில் எடுத்தும்விட்டேன். அறையைச் சூடாக்க இந்த அடுப்பைப் பயன்படுத்தக் கூடாது என்று அடுப்புக்கு மேலே ஒட்டப்பட்டிருந்த எச்சரிக்கைச் சீட்டு கண்ணில் பட்டதால்தான் கை நின்றது.

அந்தச் சீட்டு வெறும் சம்பிரதாயம் அன்று. ஃபர்னஸின் எரிகலன் மூடப்பட்டது. அது எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையையும் வெளியிலேயே தள்ளிவிடுகிறது. அடுப்போ நாம் சுவாசிக்கும் அதே காற்றைத் தின்று, கழிவு வாயுவை நம் தலைமாட்டிலேயே விடுகிறது. குளிருக்காக எல்லா இடுக்குகளையும் அடைத்துவைத்த சிறிய பெட்டி போன்ற வண்டிக்குள் ஆக்சிஜன் குறையக் குறைய, எரிவது அரைகுறையாகிக் கார்பன் மோனாக்சைடு உருவாகிறது. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேலான பிடிப்போடு இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று தொடங்குவதால் பயணக் களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுகிறோம். உறங்குகிறவர்களுக்கோ அந்த அறிகுறிகளும் தெரிவதில்லை. கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவது இதைவிடக் கொடியது. ஜன்னலுக்கு அருகில் ஜெனரேட்டரை ஓடவிடுவதும் அதே ஆபத்துதான்.

ஈரம் இன்னொரு தொல்லை. சிலிண்டரில் வரும் புரோப்பேன் என்ற எரிவாயு ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிப்படுகிறது. திறந்த தீயில் அறையைச் சூடாக்கினால் அவ்வளவும் சுவர்களிலும் மெத்தைக்கு அடியிலும் படிந்து, விடியும்போது எல்லாம் நனைந்து குளிர் இரட்டிப்பாகிவிடும்.

மறுநாள் காலையில் வந்த மெக்கானிக் ஃபர்னஸைத் தொடவே இல்லை; முதலில் பேட்டரியில்தான் மீட்டரை வைத்தார். முழுமையாகச் சார்ஜ் ஏறிய ஈய அமில பேட்டரி ஓய்வு நிலையில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். எங்களுடையது 11-க்கும் கீழே இறங்கியிருந்தது. சூட்டைத் தருவது எரிவாயு என்றாலும், அதை இயக்குவது மின்சாரம். விசிறி போதிய வேகத்தில் காற்றைத் தள்ளினால்தான் அந்தக் காற்றின் அழுத்தத்தில் ஒரு மெல்லிய தகடு அசைந்து சுவிட்சை மூடும்; அதன் பிறகே வாயு வால்வு திறந்து பொறி விழும். பேட்டரி தளர்ந்தால் விசிறி சுழலும், ஆனால் தகட்டை அசைக்கும் வலு இருக்காது. எங்களுக்கு நேர்ந்தது அதுதான். குளிரில் பேட்டரியின் திறனே குறைந்துவிடுகிறது. ஃபர்னஸ் அதிகம் ஓட வேண்டியதும் அதே குளிரில்தான். மாலையிலேயே ஒருமுறை வோல்ட்டைப் பார்த்திருந்தால் அந்த இரவே வந்திருக்காது.

பொறி விழும் ஓசை கேட்டும் தீப்பற்றவில்லை என்றால் பேட்டரியை விட்டு வாயுவின் பக்கம் திரும்ப வேண்டும். பியூட்டேன் கலந்த சிலிண்டர் இங்கே காலை வாரிவிடும். பியூட்டேன் 0 டிகிரி செல்சியஸை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடுகிறது, புரோப்பேனோ மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். கனமாகத் தெரியும் சிலிண்டரிலிருந்து வாயு வராததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அதற்காக அதை நெருப்பில் காட்டிச் சூடாக்க ஒருபோதும் முனையக் கூடாது. வெளியே உள்ள புகைத் துவாரத்தில் குளவி கூடு கட்டியிருப்பதும், பனி வந்து மூடியிருப்பதும் உண்டு. சில முறை முயன்றும் தீ பற்றாவிட்டால் கருவி தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும்; தெர்மோஸ்டாட் எனப்படும் வெப்பக் கட்டுப்பாட்டு சுவிட்சை அணைத்துச் சில நிமிடம் பொறுத்து மீண்டும் போட்டால் பூட்டு விடுபடும். அதற்கு மேலும் பற்றாவிட்டாலோ, வாயு மணம் வந்தாலோ, சிலிண்டரை மூடிவிட்டு வெளியேறுவதே முறை. எரிகலனைத் திறந்து நோண்டுவது நம் வேலையன்று.

மின் இணைப்புள்ள இடத்தில் சிறிய மின்சார ஹீட்டர் கைகொடுக்கும், நானும் ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் 1500 வாட் ஹீட்டரை இன்வெர்ட்டர் வழியாக வண்டியின் 12 வோல்ட் பேட்டரியில் ஓட்ட நினைத்தால், அது 125 ஆம்பியருக்கு மேல் இழுத்துச் சிறிது நேரத்தில் பேட்டரியைக் காலிசெய்துவிடும். மற்றொன்றையும் பலர் கவனிப்பதில்லை: பல வண்டிகளில் ஃபர்னஸின் சூடான காற்றில் ஒரு பகுதி தரைக்கு அடியில் சென்று தண்ணீர்த் தொட்டியையும் குழாய்களையும் காக்கிறது. மின்சார ஹீட்டரால் அறை கதகதப்பாக இருக்கும்போதே, காலுக்குக் கீழே குழாய் உறைந்து வெடிக்கக்கூடும்.

எதுவும் ஓடாத இரவில் அறையைச் சூடாக்கும் முயற்சியை விட்டுவிட்டு, படுக்கையைச் சூடாக வைப்பதே அறிவுடைமை என்பது என் உறுதியான கருத்து. நாங்கள் அன்று கூரைத் துவாரத்தையும் ஒரு ஜன்னலையும் திறந்துவைத்து, தண்ணீர் காயும் வரை மட்டும் அடுப்பை எரித்து அணைத்தோம். அந்த வெந்நீரை ரப்பர் பைகளில் நிரப்பித் துணி சுற்றிப் போர்வைக்குள் கால்மாட்டில் வைத்தோம். நான்கு பேரும் ஒரே படுக்கைக்கு வந்து, கம்பளிக் காலுறையும் தொப்பியும் அணிந்து, நடுவே திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஜன்னல்களில் வெயிலுக்காக வைத்திருந்த வெள்ளித் தாள்களைச் செருகினோம். மூச்சின் ஈரம் வெளியேறக் கூரைத் துவாரத்தை விரல் அகலம் திறந்தே விட்டோம். சுகமான உறக்கம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பிள்ளைகள் நடுங்கவில்லை. குளிர் அதைவிடக் கடுமையாக இருந்திருந்தால், தயங்காமல் அருகிலுள்ள கட்டடம் ஒன்றில் அடைக்கலம் தேடியிருப்போம்.

புகைப்படங்களோடு இத்தகைய பயணங்களைப் பற்றி எழுதும்போது, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைப் பற்றியும் ஒரு பத்தி சேர்க்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதன் சோதனைப் பொத்தானை ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் அழுத்திப் பார்க்க வேண்டும். அதற்கும் ஆயுட்காலம் உண்டு என்பதால், அதில் அச்சிட்டுள்ள காலாவதித் தேதியையும் பார்க்க வேண்டும். வண்டியை விற்பவர்களிடமும் வாடகைக்குக் கொடுப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். எங்களுக்கு வண்டியை ஒப்படைத்தவர், நிழற்பந்தலை விரிப்பதையும் மடிப்பதையும் விளக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஃபர்னஸுக்கு வந்தபோது பொத்தானைக் காட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். ஐந்து நிமிடம் ஒதுக்கி, விசிறி, பொறி, தீ என்ற அந்த மூன்று ஓசைகளையும் வரிசையாகக் கேட்கவைத்து வாடிக்கையாளர்களை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கேரவன் பயணம் மேற்கொள்ளும் ஒரு வாசகர்