கலைக்கும்படி நீங்களே கேளுங்கள்: பாராளுமன்றத்தின் 225 பேருக்கும் ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணம்
24 ஏப்ரல் 2022

மதிப்புக்குரிய பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியர். தேர்தல் வந்தால் எங்களைப் போன்ற ஆசிரியர்களைத்தான் வாக்களிப்பு நிலையக் கடமைக்கு அனுப்புவார்கள். 2013 மாகாண சபைத் தேர்தல் தொடக்கம் 2020 பாராளுமன்றத் தேர்தல் வரை எல்லாவற்றுக்கும் போயிருக்கிறேன். உங்களில் யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்களுக்கு விழுந்த வாக்குகளில் சில என் கண்முன்னால் பெட்டிக்குள் போனவை.

வெள்ளிக்கிழமை காஸ் சிலிண்டரின் கொழும்பு விலை 2,675 ரூபாவிலிருந்து 4,860 ரூபாவாக ஏறியது. அடுத்த நாள் விடிய நாலரை மணிக்கே நான் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் எழுபதுக்கு மேல் சிலிண்டர்கள். ஒன்றோடொன்று சங்கிலி போட்டுக் கட்டி, சோக்கால் இலக்கம் எழுதியிருந்தது. எனக்குப் பின்னால் நின்ற அம்மா ஒருவர் தன் சிலிண்டரைச் சைக்கிள் கரியரில் கட்டி உருட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒன்பது மணிபோல் லொறி வராது என்று தெரிந்தது. அப்போது அவர் கேட்டார்: "மாஸ்டர், அவை எல்லாரும் விட்டிட்டுப் போட்டினம் எண்டு றேடியோவில சொன்னவை. பிறகேன் இன்னும் அங்கயே இருக்கினம்?"

இருபது நாளாக இந்த நாட்டில் நடப்பதை இதைவிடச் சுருக்கமாக எவரும் கேட்டு நான் கேள்விப்படவில்லை. அவருக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வியை உங்களிடமே அனுப்பிவைக்கிறேன்.

ஏப்ரல் 3ஆம் திகதி இரவு 26 அமைச்சர்கள் இராஜினாமாக் கடிதம் கொடுத்தீர்கள். அடுத்த நாள் நால்வர் மறுபடி பதவி ஏற்றார்கள். அதில் நிதி அமைச்சரானவர் ஒரு நாள் முடிவதற்குள் விலகுகிறேன் என்றார், பிறகு அவரே தொடர்ந்தார். 5ஆம் திகதி ஆளும் தரப்பில் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் எழுந்து நின்று இனிச் சுயாதீனமாக இயங்குவோம் என்றீர்கள். 18ஆம் திகதி 17 புதிய அமைச்சர்கள் வந்தார்கள். ஜனாதிபதி அதே ஆள். பிரதமரும் அதே ஆள். அன்றிரவே பெற்றோல் 254 ரூபாவிலிருந்து 338க்கும், டீசல் 176லிருந்து 289க்கும் ஏறியது. மறுநாள் றம்புக்கணையில் எண்ணெய் கேட்டு வீதியில் நின்ற சனத்தின் மேல் பொலிஸார் சுட்டதில் ஒருவர் செத்துப்போனார்.

அமைச்சுப் பதவியைத் திருப்பிக் கொடுத்தீர்கள், சரி. சனம் உங்களுக்குத் தந்தது அமைச்சுப் பதவி இல்லையே. அதை ஜனாதிபதி தந்தார், நீங்கள் மேலேயே திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். நாங்கள் தந்தது அந்த ஆசனத்தை. அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

உங்களில் சிலர் தொலைக்காட்சியில் சொல்வதைக் கேட்டேன்: அரசியலமைப்பின் இருபதாம் திருத்தத்தின்படி, சபை முதன்முதலாகக் கூடிய நாளிலிருந்து இரண்டரை வருடம் போகாமல் ஜனாதிபதியால் பாராளுமன்றத்தைக் கலைக்க முடியாது, 2023 பெப்ரவரி வரை பொறுங்கள் என்று. சட்டத்தில் பாதியைத்தான் சொல்கிறீர்கள். கலைக்கும்படி பாராளுமன்றமே தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டால் அதற்கு முன்னாலும் கலைக்கலாம் என்று அதே இடத்தில் எழுதியிருக்கிறது. ஆகவே சாவி ஜனாதிபதி மாளிகையில் மட்டும் இல்லை, உங்கள் கையிலும் இருக்கிறது. அந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்ததும் நீங்கள்தான். 2020 ஒக்டோபரில் 156 பேர் அதற்கு ஆதரவாக வாக்களித்தீர்கள். எதிரணியில் வென்று போய் அந்தப் பக்கம் வாக்களித்தவர்களும் அதில் உண்டு. ஒரு மனிதரின் கையில் இவ்வளவு அதிகாரத்தையும் கொடுத்தபோது உங்களுக்கு இரண்டு நாள் விவாதம் போதுமாக இருந்தது.

தேர்தலைத் தள்ளிப்போட்டால் என்ன நடக்கும் என்பதை வடக்கில் இருக்கிறவர்களிடம் கேளுங்கள். எங்களுக்கு அதில் அனுபவம் இருக்கிறது.

1982 டிசம்பர் 22ஆம் திகதி எனக்குப் பதினேழு வயது. 1977இல் தெரிவான பாராளுமன்றத்தை இன்னும் ஆறு வருடம் நீட்டலாமா என்று அன்றைக்கு வாக்கெடுப்பு. ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். அப்பா வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசி, குடத்துக்குப் போட்டுவிட்டு வந்து திண்ணையில் இருந்தார். யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்துக்கு ஒன்பது பேர் குடத்துக்குத்தான் போட்டார்கள். நாடு முழுவதும் எண்ணியபோது விளக்கு வென்றது. ஏழு மாதத்தில் 1983 ஜூலைக் கலவரம் வந்தது. அதற்கடுத்த மாதம், தனிநாடு கேட்கமாட்டோம் என்று சத்தியம் செய்யச் சொல்லும் ஆறாம் திருத்தம் வந்தது, எங்கள் உறுப்பினர்கள் சபையை விட்டு வெளியே நின்றார்கள். 1989 பெப்ரவரி வரை இந்த நாட்டில் பொதுத் தேர்தல் இல்லை. அந்த இடைக்காலத்தில் என்னோடு படித்தவர்கள் எத்தனை பேர் ஆயுத இயக்கங்களுக்குப் போனார்கள், எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. வாக்குச் சீட்டு கையில் இல்லாத ஒரு தலைமுறை எந்தப் பக்கம் போகும் என்பதை நாங்கள் பார்த்துவிட்டோம். இன்றைக்கு ஜனாதிபதியை விலகச் சொல்லிக் கொழும்பு காலிமுகத்திடலில் கூடாரம் போட்டிருக்கும் பிள்ளைகளுக்கும் இருபது, இருபத்தைந்து வயதுதான். அவர்கள் இன்னும் பதாகையோடும் பாட்டோடும் நிற்கிறார்கள். அந்தப் பொறுமையை நீங்கள் சோதித்துப் பார்க்க வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்கிறேன்.

அது பழைய கதை என்று சொல்வீர்கள். புதியதும் இருக்கிறது. 2013 செப்ரெம்பர் 21இல் நாங்கள் தெரிவுசெய்த வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. மூன்றரை வருடமாக ஆளுநர்தான் எல்லாம். கிழக்கில் 2017 முதலே இந்த நிலைமை. மாகாண சபைத் தேர்தல் வைப்பதற்குத் தேவையான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்ட்டில் உங்கள் சபைக்கு வந்தபோது எதிராக 139 பேர், ஆதரவாக ஒருவர்கூட இல்லை. அறிக்கையைக் கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். அப்போது ஆட்சியில் இருந்தவர்களில் பலர் இன்றைக்கு எதிரணியில் இருந்துகொண்டு தேர்தல் கேட்கிறீர்கள். கேட்பது நியாயம்தான், நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன். ஆனால் அன்றைக்குச் செய்ததையும் ஒருமுறை சொல்லிவிட்டுக் கேட்டால் நன்றாக இருக்கும். இந்த ஜனவரியில் உள்ளூராட்சித் தேர்தலையும் ஒரு வருடம் பின்போட்டார்கள். தெற்கில் ஒருவரும் வீதிக்கு வரவில்லை, நாங்களும் வரவில்லை. மாகாணத்தில் தொடங்கி, பிரதேச சபைக்கு வந்து, இப்போது நாடு முழுவதற்கும் அரசாங்கமே இல்லாத மாதிரி ஆகிவிட்டது.

இப்போது தேர்தல் வைக்கக் காசு இல்லை, கடதாசி இல்லை, எண்ணெய் இல்லை என்கிறார்கள். அதை நான் லேசாக எடுக்கவில்லை. 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த நாடு இது. போன மாதம் மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சையைப் பின்போட்டார்கள். நான் இங்கே வினாத்தாளைக் கரும்பலகையில் எழுதித்தான் பரீட்சை வைக்கிறேன். கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை எழும்பி நின்று பார்த்து எழுதுகிறது.

ஆனாலும் 2020 ஓகஸ்ட் 5ஆம் திகதி நான் பார்த்ததையும் சொல்ல வேண்டும். கொரோனாக் காலம். வாக்காளர்கள் நீலமோ கறுப்போ தங்கள் பேனாவைத் தாங்களே கொண்டு வரும்படி அறிவித்திருந்தார்கள். முதல் நாள் யாழ் மத்திய கல்லூரியில் பெட்டியைப் பொறுப்பெடுத்து, பஸ்ஸில் போய், பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்தோம். காலை ஏழு மணிக்கு வெறும் பெட்டியை முகவர்களுக்குக் காட்டி முத்திரையிட்டபோது வெளியே ஏற்கெனவே வரிசை. எல்லார் கையிலும் பேனா. ஒரு கிழவர் தன் பேனாவைப் பழைய சாரத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். போட்டுவிட்டுத் திரும்பும்போது, பேனா இல்லாமல் பின்னால் நின்ற பொடியனிடம் அதைக் கொடுத்துவிட்டு, அவன் போட்டு முடியும் வரை வாசலில் காத்திருந்தார். தேர்தலுக்குப் பேனாவையும் வீட்டிலிருந்து கொண்டுவந்த சனம் இது. காசு இல்லை என்ற காரணத்தை இந்தச் சனத்திடம் சொல்லாதீர்கள்.

தட்டுப்பாட்டைப் பார்த்தும் நாங்கள் பயப்பட மாட்டோம். 1990இலிருந்து பல வருடம் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில்தான் நான் முதன்முதலில் கொப்பி திருத்தினேன். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம். கொழும்பில் பதின்மூன்று மணிநேரம் கரண்ட் போன செய்தியைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இங்கே சிலர் அப்போது நாங்கள் பட்டதை இப்போது அவர்கள் படட்டும் என்று பேசினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. மண்ணெண்ணெய் இல்லாமல் கடலுக்குப் போகாதவன் மயிலிட்டியில் இருந்தாலென்ன, நீர்கொழும்பில் இருந்தாலென்ன, அவன் வீட்டு அடுப்பு எரியாது. போன மாதம் 22ஆம் திகதி இங்கிருந்து கைக்குழந்தையோடு படகேறி, தனுஷ்கோடிப் பக்கம் மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டுத் தண்ணீரும் இல்லாமல் இருந்தவர்களைப் பற்றிப் படித்திருப்பீர்கள். யுத்தம் முடிந்து பதின்மூன்று வருடத்தில் பசியால் படகேறுகிறார்கள்.

வாஷிங்டனில் சர்வதேச நாணய நிதியத்தோடு பேச்சு நடக்கிறது, இந்த நேரத்தில் தேர்தல் எதற்கு என்றும் கேட்கிறீர்கள். அங்கே பேசிக் கொண்டுவரும் எதுவும் எங்களுக்குச் சுகமாக இருக்கப்போவதில்லை. வரி ஏறும், விலை ஏறும், சம்பளம் நிற்கும். 2019 கடைசியில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாக ஒரே வெட்டாக வெட்டியவர்கள், போன வருடம் இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்தியவர்கள், இப்போது வந்து பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் எந்தக் கமக்காரன் கேட்பான்? கஷ்டத்தைச் சுமக்கச் சொல்வதற்கும் ஒரு தகுதி வேண்டும். அதைச் சனத்திடம் புதிதாகப் போய் வாங்கிக்கொண்டு வாருங்கள். தேர்தலால் நாளைக்கே டொலர் வந்துவிடாது, எனக்கும் தெரியும். பொதுத் தேர்தலால் ஜனாதிபதியின் பதவி போகாது, அதுவும் தெரியும். ஆனால் புதிதாக ஆணை வாங்கி வரும் சபைக்கு இருபதாம் திருத்தத்தை எடுத்துவிடும் துணிச்சல் இருக்கும். இன்றைக்கு உங்களுக்கு அது இல்லை.

ஐந்து வருடம் முடிந்தால்தான் உறுப்பினருக்கு ஓய்வூதியம் என்பதும் சனத்துக்குத் தெரியும். முதல் தடவை போனவர்களைக் காஸ் வரிசையில் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை நீங்கள் ஒருமுறை வந்து கேட்க வேண்டும்.

சுயாதீனமாக இயங்குவோம் என்ற நாற்பது பேருக்கும் சொல்கிறேன்: நீங்கள் ஆசனம் மாறி இருந்ததால் எங்களுக்கு ஒரு பலனும் இல்லை. எதிரணியோடு இருந்து ஒரு தீர்மானத்தை எழுதுங்கள். 113 கைகள் தேவைப்படும் இடத்தில் உங்கள் நாற்பதும் பெரிய எண்ணிக்கை. எங்கள் தமிழ் உறுப்பினர்களே, இது தெற்குப் பிரச்சினை, அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்கி நிற்காதீர்கள். தீர்மானத்தில் உங்கள் கையெழுத்து முதலில் இருக்கட்டும். மாகாண சபைத் தேர்தலுக்கும் ஒரு திகதி வேண்டும் என்பதை அப்போதே பேசி எழுதி வாங்குங்கள், பிறகு கேட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கடற்றொழில் அமைச்சர் டக்ளஸ் தேவானந்தா அவர்களே, 18ஆம் திகதி அமைச்சரவையிலும் நீங்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு வாக்குப் போட்ட தீவகத்துச் சனத்திடம் போய், நான் இன்னும் இருக்கவா என்று நேரே கேட்டுப் பாருங்கள்.

கலைத்தால் மூன்று மாதத்துக்குள் புதிய பாராளுமன்றம் கூடியாக வேண்டும். இந்த மாதம் தீர்மானம் நிறைவேறினால் ஓகஸ்ட்டுக்கு முதல் எல்லாம் முடிந்துவிடும். கடமைக்கு வரச்சொல்லிக் கடிதம் அனுப்பினால், பெற்றோல் இல்லை, பஸ் இல்லை என்று நாங்கள் மறுக்கமாட்டோம். தொண்ணூறுகளில் ஓடிய சைக்கிள் இன்னும் வீட்டில் நிற்கிறது. போன கிழமைதான் இரண்டு ரயரும் மாற்றினேன்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியர்