செயலாளரின் ஆண்டறிக்கை: குட்டி ஹெலிகாப்டரைச் சேர்ந்து கட்டிய ஆண்டு

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும், உங்களோடு வந்திருக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் நாம் எடுத்த ஒரு முடிவைப் பற்றித்தான் இந்த அறிக்கையில் அதிகம் பேசப்போகிறேன். ஆளுக்கொரு அளவில், ஆளுக்கொரு கம்பெனியில் ரேடியோ ஹெலிகாப்டர் வாங்கி, கீழே விழுந்து உடைந்ததும் உதிரி கிடைக்காமல் பரணில் ஏற்றிவிடுவது நம் சங்கத்தில் வழக்கமாகிவிட்டது. அதற்குப் பதிலாக எல்லோரும் ஒரே அளவில் சின்னதாக ஒன்றை, ஒரே மேசையில் உட்கார்ந்து கட்டுவோம் என்று தீர்மானித்தோம். 125 மி.மீ. பிளேடு, சுழலும்போது விட்டம் ஏறக்குறைய 290 மி.மீ., பேட்டரியோடு சேர்த்து எடை 150 கிராமுக்குள், இரண்டு செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. ஆனால் சும்மா மிதந்து நின்றால் போதாது. குட்டிக்கரணம் அடிக்க வேண்டும், தலைகீழாக நிற்க வேண்டும் என்பதையும் தீர்மானத்தில் எழுதிவைத்தோம். அந்த முடிவு நல்ல பலன் தந்திருக்கிறது. வரும் ஆண்டும் இதையே தொடர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கடையில் முழுதாக வாங்கியிருக்கலாமே என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்கிறார்கள். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வெளிநாட்டு ட்ரோன்களை முழுதாகவோ, பாதி பிரித்தோ, முழுக்கப் பிரித்தோ இறக்குமதி செய்வதைத் தடை செய்தது. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. நமது குட்டி ஹெலி இந்த வரையறையில் எங்கே வரும் என்று வாதாடிக்கொண்டிருப்பதைவிட, மோட்டார், சர்வோ (கட்டளைக்கு ஏற்ப வேண்டிய அளவு திரும்பும் சிறு மோட்டார்), கட்டுப்பாட்டு போர்டு என்று தனித்தனியாக வாங்குவதே நமக்குச் சரி. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு ஒரு ஷாஃப்ட்டுக்காக, அதாவது சுழல் தண்டுக்காகக் கப்பல் வரக் காத்திருப்பதிலும் நியாயம் இல்லை. கணபதி பக்கம் பட்டறை வைத்திருக்கும் நம் உறுப்பினர் மெயின் ஷாஃப்ட்டுகளைத் தானே கடைந்து கொடுத்தார். கார்பன் ஃபைபர் தகட்டில் ஃபிரேம் வெட்டுவதற்கும் அவர்தான் ஏற்பாடு செய்தார். வளைந்த ஷாஃப்ட்டைக் காலையில் கொடுத்தால் மாலையில் புதியது கைக்கு வந்தது.

சட்டத்தைப் பற்றி இன்னும் ஒன்று. 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை உள்ளவை நானோ வகை. அவற்றை இயக்க ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. அதனால் எங்கு வேண்டுமானாலும் பறக்கவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். பீளமேட்டில் விமான நிலையம், சூலூரில் விமானப்படைத் தளம் என்று நம்மைச் சுற்றி வானம் இறுக்கமாகவே இருக்கிறது. டிஜிட்டல் ஸ்கை என்ற அரசின் ட்ரோன் வரைபடத்தைப் பார்த்து, முன்அனுமதி தேவைப்படாத பச்சைப் பகுதி என்று உறுதி செய்த பிறகே நம் மைதானத்தைத் தேர்ந்தெடுத்தோம். அங்கேயும் தென்னை மர உயரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது சங்கத்தின் சொந்த விதி. இவ்வளவு சிறிய எந்திரம் அதற்கு மேல் போனால் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்றே கண்ணுக்குத் தெரியாது.

இத்தனை சிறிதாக ஒன்று கரணம் அடிப்பது பல காலம் நடக்காத காரியமாக இருந்தது. பழைய ஹெலிகாப்டர்களில் மெயின் பிளேடுக்குக் குறுக்கே ஒரு கம்பியும் அதன் இரு முனையிலும் சிறு துடுப்புகளும் இருக்கும். எந்திரத்தை நிலைநிறுத்தும் வேலையை ஃபிளைபார் எனப்படும் அந்தக் கம்பிதான் செய்தது. செல்போன்களில் வரும் வகையான சில்லு அளவு கைரோக்கள் (திரும்பும் அசைவை உணரும் கருவிகள்) மலிவானதும் கம்பி போனது. அதன் வேலையை மென்பொருள் எடுத்துக்கொண்டது. 2011இல் வந்த பிளேட் எம்சிபி எக்ஸ் என்ற குட்டி ஹெலி, ஏறக்குறைய 45 கிராம் எடையில், ஃபிளைபார் இல்லாமல் தலைகீழாகப் பறந்தது. அதைக் கண்டுதான் நம்மில் பலருக்கு இந்த ஆசையே பிடித்தது. நாம் இந்த ஆண்டு போர்டில் ஏற்றியது ரோட்டர்ஃபிளைட் என்ற திறந்த மூல மென்பொருள். நான்கு மோட்டார் ட்ரோன் ஓட்டுகிறவர்களுக்குத் தெரிந்த பீட்டாஃபிளைட்டிலிருந்து ஹெலிகாப்டருக்காகக் கிளைத்தது அது. யாரோ தங்கள் நேரத்தைச் செலவழித்து எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கும் இந்த மென்பொருள் இல்லாவிட்டால் நம் திட்டம் பாதியில் நின்றிருக்கும். அவர்களுக்குச் சங்கத்தின் சார்பில் நன்றி.

கட்டுமான மேசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஞாயிறு பிற்பகல்களில் நடந்த அந்தக் கூடல்தான் சங்கத்துக்குப் புதிய உயிர் கொடுத்தது. முதலில் ஸ்வாஷ்பிளேட், அதாவது சர்வோக்களின் அசைவைச் சுழலும் பிளேடுகளுக்குக் கொண்டுபோகும் தட்டு. மூன்று சர்வோக்களும் 120 பாகை இடைவெளியில் அதைத் தாங்கி நிற்கின்றன. மூன்றும் சேர்ந்து ஏறி இறங்கினால் பிளேடுகள் இரண்டின் கோணமும் ஒன்றாகக் கூடும், குறையும். ஸ்வாஷ்பிளேட் ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெலி அந்தப் பக்கம் சாயும். ட்ரான்ஸ்மிட்டரில் பிளேடு கோணத்தை மாற்றும் குச்சி சரியாக நடுவில் இருக்கும்போது பிளேடின் கோணம் சுழியமாக இருந்தே ஆக வேண்டும். பெரிய ஹெலிக்குக் கோணம் அளக்கும் கருவியை மாட்டிப் பார்ப்பார்கள். இந்த அளவில் அது உட்காராது. அதனால் இரண்டு பிளேடுகளையும் வால் பக்கம் மடக்கி, நுனிகள் ஒன்றோடொன்று தட்டையாகப் பொருந்துகின்றனவா என்று கண்ணால் பார்க்கும் பழைய முறையையே கடைப்பிடித்தோம். அரை பாகை தப்பினால்கூட நுனியில் தெரிந்துவிடும்.

அப்புறம் பால் லிங்க், அதாவது சிறு உலோக உருண்டையில் மாட்டும் இணைப்பு. இறுக்கமாக இருந்தால் சர்வோ திணறும், தளர்வாக இருந்தால் ஹெலி ஓர் இடத்தில் நிற்காமல் அலையும். விரலால் அசைத்தால் தடையில்லாமல் விழ வேண்டும், ஆனால் ஆட்டம் இருக்கக் கூடாது. உலோகத்தில் உலோகத் திருகு போகும் இடங்களில் திருகு கழலாமல் பிடிக்கும் நீலநிறப் பசையான த்ரெட்லாக் ஒரு சொட்டு. பிளாஸ்டிக்கில் அதை வைக்கவே கூடாது, சில பிளாஸ்டிக்குகள் விரிசல் விட்டுவிடும். பிளேடு போல்ட்டை முறுக்கி இறுக்காமல், ஹெலியைச் சாய்த்துப் பிடித்தால் பிளேடு தன் எடையில் மெல்லச் சரியும் அளவுக்கு விட வேண்டும். ஒவ்வொரு விழுகைக்குப் பிறகும் பிளேடுகளைத் தாங்கும் குறுக்குத் தண்டான ஸ்பிண்டிலையும் மெயின் ஷாஃப்ட்டையும் கழற்றிக் கண்ணாடித் துண்டின் மேல் உருட்டிப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் வந்திருக்கிறது. மயிரிழை வளைவு இருந்தாலும் கண்ணாடியில் தடதடக்கும். அந்த வளைவு அதிர்வாகி கைரோவுக்குப் போகிறது. கைரோ அதை ஹெலியின் அசைவு என்று எடுத்துக்கொண்டு தேவையில்லாத திருத்தம் செய்கிறது. ஹெலி ஏன் நடுங்குகிறது என்று மென்பொருளில் எண்களை மாற்றிக்கொண்டிருந்தவர்கள், கோளாறு வளைந்த ஒரு ஷாஃப்ட்டில் இருப்பதைக் கண்டுபிடித்தபோது அந்த மேசையில் எழுந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன்.

ஆண்டு முழுவதும் எங்களை அதிகம் வேலை வாங்கியது வால்தான். பெரிய ஹெலிகளில் வால் பிளேடு மெயின் மோட்டாரோடு பெல்ட்டிலோ ஷாஃப்ட்டிலோ இணைந்திருக்கும், அதன் கோணத்தை சர்வோ மாற்றும். நம்முடையதில் வாலுக்குத் தனி மோட்டார், கோணம் மாறாத சிறு விசிறி. மெயின் பிளேடு மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றுவதால் உடல் இடஞ்சுழியாகத் திரும்பப் பார்க்கும். வால் அதைத் தடுத்து நிறுத்த வேண்டும். ஒரு பக்கம் திருப்ப விசிறி வேகம் குறைந்தால் போதும். மறுபக்கம் திருப்ப வேகம் எடுத்தாக வேண்டும். விமானி திடீரென்று பிளேடு கோணத்தை முழுதாகக் கூட்டும்போது சிக்கல் தொடங்குகிறது. மெயின் மோட்டார் பேட்டரியை உறிஞ்சும், மின்னழுத்தம் சரியும், வால் மோட்டாருக்கு அதிகம் தேவைப்படும் அதே கணத்தில் குறைவாகக் கிடைக்கும். மூக்கு இடப்பக்கம் வழுக்கிக்கொண்டு போய்விடும். கரணத்தின் நடுவில் இது நடந்தால் ஹெலி புல்லில்தான்.

ஒரே அளவு எந்திரம் என்ற முடிவின் அருமை இங்கேதான் தெரிந்தது. எல்லோருக்கும் ஒரே நோய் இருந்ததால் எல்லோரும் சேர்ந்தே மருந்து தேடினோம். ஒருவர் பிளேடின் உச்சக் கோணத்தை 12 பாகையிலிருந்து 10.5 ஆகக் குறைத்துப் பார்த்தார். இன்னொருவர் சுழற்சி வேகத்தைக் கூட்டினார். அதே சக்திக்கு வேகம் கூடினால் முறுக்கு விசை குறையும் என்பது கணக்கு. கல்லூரி மாணவர்கள் இருவர், கோண மாற்றத்தை வாலுக்கு முன்கூட்டியே சொல்லிவிடும் அமைப்பை மென்பொருளில் தேடிப்பிடித்தார்கள். மூக்கு வழுக்கிய பிறகு கைரோ திருத்துவதற்குள் தாமதமாகிவிடுகிறது. குச்சி நகர்ந்தவுடனே வால் தயாரானால் பாதிச் சிக்கல் தீர்கிறது. மீதிப் பாதி பேட்டரி. சார்ஜரில் பேட்டரியின் உள்தடையை (மின்னோட்டத்துக்கு அது தன்னுள்ளேயே காட்டும் தடையை) அளந்து பார்த்ததில், வழுக்கும் ஹெலிகளில் பெரும்பாலும் உள்தடை ஏறிப்போன பழைய பேட்டரிகளே இருந்தன. இப்போது ஒவ்வொரு பேட்டரியிலும் ஒரு சீட்டு ஒட்டி உள்தடையை எழுதிவருகிறோம். தேறாதவை மிதந்து பழகுவதற்கு, தேறியவை கரணத்துக்கு.

பறக்கும் பயிற்சிக்கு வருவோம். யாரும் சிமுலேட்டரில் பழகாமல் மைதானத்துக்கு வரக் கூடாது என்ற விதியை இந்த ஆண்டு கண்டிப்பாக வைத்தோம். கையில் இருக்கும் அதே ட்ரான்ஸ்மிட்டரைக் கணினியில் செருகிப் பழக வேண்டும். ஹெலியின் வால் நம்மைப் பார்த்து இருக்கும்போது எல்லாம் எளிது. மூக்கு நம்மைப் பார்த்தால் இடம் வலமாகிவிடும். தலைகீழானால் முன்னும் பின்னும் மாறும், ஏற்றமும் இறக்கமும் மாறும். இது மூளையில் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை, விரலுக்கே தெரிந்திருக்க வேண்டும். அதற்குச் சிமுலேட்டரில் உட்காருவதைத் தவிர வழி கிடையாது. கரணம் அடிக்கும்போது பிளேடின் கோணம் நேர்மறையில் தொடங்கி, ஹெலி செங்குத்தாக நிற்கும் நொடியில் சுழியமாகி, தலைகீழாகும்போது எதிர்மறைக்குப் போய், மறுபடி திரும்பி வர வேண்டும். சுழியத்தைக் கடக்கும் அந்த நேரத்தைப் பிடித்துவிட்டால் ஹெலி இருந்த இடத்திலேயே புரளும்.

நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இந்த ஆண்டு தலைகீழாக நிறுத்தும் வித்தையை முழுமையாகக் கற்றுக்கொண்டார். சங்கத்தில் அவரைவிட அமைதியாக அதைச் செய்பவர் இப்போது யாரும் இல்லை. புதியவர்களுக்குப் பயிற்சியாளராக இருக்கச் சம்மதித்திருக்கிறார் என்பதை மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறேன். டிக் டாக் எனப்படும் ஊசல் ஆட்டத்தை மாணவர்கள் பிடித்துவிட்டார்கள். மற்றவர்கள் வந்துகொண்டிருக்கிறோம்.

காற்று நம் ஊரின் சொத்து, நமக்கு மட்டும் தொல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கினால் 150 கிராம் எந்திரம் தாங்காது. ஆனி, ஆடியில் விடியற்காலை தவிர மைதானம் பயன்படவில்லை. அப்போது துணைத் தலைவர் ஒரு நல்ல யோசனை சொன்னார். ஆடியில் முகூர்த்தம் இல்லை, கல்யாண மண்டபங்கள் காலியாகத்தானே கிடக்கின்றன என்றார். ஒரு மண்டபத்தின் உரிமையாளர் மின்கட்டணமும் துப்புரவுச் செலவும் மட்டும் வாங்கிக்கொண்டு கூடத்தைக் கொடுத்தார். மின்விசிறிகளை நிறுத்தி, தொங்கும் விளக்குகளுக்கு நேர் கீழே போகாமல் தரையில் கோடு போட்டுப் பறக்கவிட்டோம். பக்கத்துத் தெருக் குழந்தைகள் வாசலில் கூடிவிட்டார்கள். காற்றே இல்லாத இடத்தில் பறக்கவிட்டதால் கோளாறு எந்திரத்திலா வெளியிலா என்ற சந்தேகம் போனது. மண்டபத்தில்தான் பல ஹெலிகளின் அமைப்பு இறுதியானது.

மைதானத்தைத் தரும் விவசாய உறுப்பினருக்கு நன்றி. சோளம் அறுத்த பிறகு தாளை ஒட்ட வெட்டிக் கொடுத்தார். மயில்கள் மேய வரும் நேரத்தில் பறக்கவிடக் கூடாது என்ற அவர் வேண்டுகோளை எல்லோரும் மதித்து நடந்தோம். ஹெலியின் முகப்புக்குப் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் அடிக்கும்படி மறுபடி கேட்டுக்கொள்கிறேன். பயிருக்குள் விழுந்த பச்சை நிற ஹெலியைத் தேடிப் பயிரை மிதித்தால் அவருக்குத்தான் நட்டம்.

பாதுகாப்பில் நான் விட்டுக்கொடுக்கப்போவதில்லை. நமது குட்டி எந்திரம் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் பிளேடு நுனி மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் போகிறது. கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாதவர் கோட்டுக்குள் வரக் கூடாது. மோட்டாரை உடனே நிறுத்தும் த்ராட்டில் ஹோல்டு சுவிட்ச் எல்லோருடைய ட்ரான்ஸ்மிட்டரிலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். விழப்போகிறது என்று தெரிந்ததும் முதலில் அதைத் தட்ட வேண்டும். மோட்டார் நின்றுவிட்டால் புல்லில் விழும் 150 கிராமுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

700 ரகப் பெரிய ஹெலி ஒன்றைச் சங்கம் வாங்க வேண்டும் என்று சில உறுப்பினர்கள் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் 700 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 2,000 சுற்றில் நுனியில் மணிக்கு ஏறக்குறைய 600 கி.மீ. வேகம் எடுக்கும், எந்திரத்தின் எடையும் கிலோக் கணக்கில். 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பூங்காவில், அனுபவமுள்ள ஓர் இளைஞர் தான் பறக்கவிட்ட பெரிய ஹெலியே தலையில் பட்டு இறந்துபோனார். குழந்தைகள் வந்து நிற்கும் நம் மைதானத்தில் அதற்கு இடம் கொடுக்க என் மனம் ஒப்பவில்லை. செயற்குழுவிலும் இதையே சொன்னேன். முடிவு உங்களுடையது.

லைப்போ பேட்டரிகளைக் கோடையில் பைக் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள். பறக்கவிடாத வாரங்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அதன்பின் மூன்று தீர்மானங்கள் வாக்குக்கு வருகின்றன. 125 மி.மீ. அளவையே அடுத்த ஆண்டும் சங்கத்தின் பொது அளவாக வைத்துக்கொள்வது. உடைந்த எந்திரங்களின் நல்ல பாகங்களைச் சேர்த்துவைக்கப் பொது உதிரிப் பெட்டி ஒன்றும், சார்ஜ் போட மணல் நிரப்பிய இரும்புப் பெட்டி ஒன்றும் வாங்குவது. வரும் ஆடிக்கு மண்டபத்தை இப்போதே கேட்டு வைப்பது. பெரிய ஹெலி கோரும் கடிதம் நான்காவதாக விவாதத்துக்கு எடுக்கப்படும். கையொப்பமிட்ட உறுப்பினர்கள் தங்கள் தரப்பைப் பேசலாம்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள்,
செயலாளர்