லாக்புக்கில் ஏறாத இருபது நிமிடம்

விமானப் பயிற்சிப் பள்ளிகளின் தலைமைப் பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம். வணிக விமானி உரிமம் வாங்க நம் நாட்டில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். மாணவர்கள் அதை நிமிடக் கணக்கில் எண்ணுகிறார்கள். கட்டுகிற பணமும் அந்தக் கணக்கில்தான். ஆனால் பறக்கும் முன் விமானத்தைச் சுற்றிவந்து பார்க்கிற இருபது நிமிடம், பறந்த நேரத்தைப் பதியும் லாக்புக்கில் ஏறாது, பில்லிலும் வராது. அதனாலேயே அது அவசர அவசரமாக முடிகிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் மாணவனாக இருந்தபோது ஒரு நாள், காலை முதல் ஸ்லாட் எனக்கு. முந்தைய இரவு நல்ல மழை. செஸ்னா 172 பயிற்சி விமானத்தின் இடது இறக்கைக்கு அடியில் குனிந்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க எரிபொருள் சாம்பிள் பிடித்தேன். கப்பில் ஒரே சீராக, தூசு தும்பு இல்லாமல் இருந்தது. வானத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். இளநீலம். ஏவ்கேஸ் என்கிற விமானப் பெட்ரோல் நீலமாகத்தானே இருக்கும்? சரி, சுத்தம் என்று நகர்ந்தேன். பின்னால் நின்ற மெக்கானிக் அண்ணன், "தம்பி, அதை இங்க குடு" என்று வாங்கி, விமானத்தின் வெள்ளைப் பெயின்ட்டை ஒட்டிப் பிடித்தார். நீலத்தைக் காணோம். ஒரு சொட்டை விரலில் தேய்த்து மோந்து பார்த்தார். வாசனையும் இல்லை. கப் முழுக்கத் தண்ணீர். நான் பார்த்தது வானத்தின் நீலம்.

தண்ணீர் அடியில் தங்கும், நடுவில் கோடு தெரியும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இரண்டும் கலந்து வந்தால் அப்படித்தான் தெரியும். கப் முழுக்கத் தண்ணீராக இருந்தால் கோடு எங்கிருந்து வரும்? டேங்க் மூடியின் ரப்பர் வளையம் வெடித்து, இரவெல்லாம் மழை உள்ளே இறங்கியிருக்கிறது. அன்று அந்த விமானம் கிளம்பவில்லை. ஸ்லாட் போச்சே என்று எனக்கு எரிச்சல் வேறு வந்தது. அந்த வயது அப்படி.

172எஸ் ரகத்தில் இறக்கைக்கு ஐந்தாகப் பத்து, மூக்கடியில் மூன்று, ஆக 13 இடங்களில் சாம்பிள் பிடிக்க வேண்டும். நாலைந்துக்கு மேல் பொறுமை போய்விடுகிறது. நீங்கள் தூரத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தால் இன்னும் சீக்கிரம் போகும்.

அப்புறம் ஏணி. எரிபொருள் முள்ளை நம்பாதே, மேலே ஏறி மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார் என்று எல்லாரும் சொல்கிறோம். ஏணியோ ஹேங்கரின் மறுகோடியில் கிடக்கிறது, அதுவும் நாலு விமானத்துக்கு ஒன்று. பையன் என்ன செய்வான்? முள்ளைப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்துவிடுவான். மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டாலும் ஆபத்துதான். பறக்கும்போது இறக்கைக்கு மேலே காற்றழுத்தம் குறைவு, அது எரிபொருளை வெளியே உறிஞ்சிவிடும்.

அனுபவம் வந்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு இரண்டு விபத்துகளை ஞாபகப்படுத்துகிறேன். 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங் 299 ஏறிய வேகத்தில் விழுந்தது. ஓட்டியவர்கள் கைதேர்ந்தவர்கள். நிறுத்தியிருக்கும்போது காற்றில் ஆடாமலிருக்க வால் பக்கம் போட்டிருந்த பூட்டை எடுக்க மறந்திருந்தார்கள். இன்று நாம் கையில் வைத்திருக்கும் செக்லிஸ்ட் அதற்குப் பிறகு வந்ததுதான். 1997 அக்டோபரில் பாடகர் ஜான் டென்வர் கலிஃபோர்னியாவில் மான்டரே விரிகுடாவில், தானே ஓட்டிய விமானத்தோடு விழுந்து இறந்தார். அந்தச் சின்ன விமானத்தில் டேங்க் மாற்றும் கைப்பிடி விமானியின் இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. திரும்பி அதை எட்டும்போது கால் தன்னையறியாமல் வலது ரடரை, அதாவது வால் சுக்கானைத் திருப்பும் மிதியை, அழுத்திவிட்டது என்று விசாரணை சொன்னது. கிளம்பும் முன் எரிபொருள் நிரப்பாததையும் சேர்த்துச் சொன்னது.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விமானத்துக்கு ஒரு ஏணி போடுங்கள். ஒரு மணி நேரப் பறப்புக் கட்டணத்தில் ஏணியே வாங்கிவிடலாம். பாதிச் சோதனையில் போன் வந்தாலோ, யாராவது கூப்பிட்டாலோ, மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். மூக்குச் சக்கரத்தில் டோ பாரை, அதாவது விமானத்தைத் தரையில் இழுக்கும் கம்பியை, மாட்டியபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்ய இருந்த ஒருவனைப் பார்த்திருக்கிறேன். நடுவில் அவன் அம்மா போன் செய்திருந்தார். மராமத்து முடிந்து வந்த விமானம் என்றால் ஸ்டிக் அசைகிறதா என்று மட்டும் பார்க்க விடாதீர்கள். கேபிளை மாற்றிக் கோத்திருந்தாலும் அது அசையும். இடப்பக்கம் திருப்பினால் இடது இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகையான ஏலரான் மேலே எழ வேண்டும், அதைக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். சீட் நகரும் தண்டவாளத்தில் முள் விழுந்து பூட்டியிருக்கிறதா என்று உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பதையும் விட வேண்டாம்.

எங்கள் பயிற்சியாளர் ஒருவர் வால் பக்கக் கீலில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டி வைப்பார், ஒரு நாள் அங்கே, ஒரு நாள் சக்கரத்தில். கண்டுபிடிக்காதவன் அன்று பறக்க மாட்டான், விமானம் கழுவுவான். நான் மூன்று முறை கழுவியிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. "சார், இந்த விமானம் எனக்குச் சரியாகப் படவில்லை" என்று ஒரு மாணவன் வந்து நின்றால், முதலில் அவனோடு நடந்து போய்ப் பாருங்கள். திட்டுவதாக இருந்தால் அதற்குப் பிறகு திட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்களைப் போன்றவர்களிடம் படித்த ஒருவன்